அத்தியாயம் 6: இந்தத் தேர்வு யாருக்கு?

வகுப்பு ஆசிரியர் வைக்கும் சின்னத் தேர்வு, பொது வினாத்தாளில் நடக்கும் காலாண்டு, மாநில அடைவு ஆய்வு, டெல்லியிலிருந்து வரும் தேசிய அடைவு ஆய்வு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எல்லாவற்றுக்கும் வீட்டில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை மார்க்?" அந்தக் கேள்வி சில தேர்வுகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. சில தேர்வுகள் பிள்ளை என்ன கற்றது என்று பார்க்கின்றன. வேறு சில, அந்தப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கின்றன. முதல் வகையில் மதிப்பெண் பிள்ளையுடையது. இரண்டாம் வகையில் அது அரசுடையது. இரண்டையும் கலந்துவிட்டால், அரசின் மதிப்பெண்ணுக்குப் பிள்ளை திட்டு வாங்கும். பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியோ யார் பொறுப்பிலும் இல்லாமல் போகும். ஆகவே பெற்றோர் தேர்வுக் கொள்கையில் தலையிடுவது என்றால் முதல் வேலை இது: ஒவ்வொரு தேர்வும் யாரைச் சோதிக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது. ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்து அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒருவர் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதே இந்த அத்தியாயம்.

எந்தத் தேர்வு யார் கையில்?

மனு எழுதும் முன் முடிவெடுப்பவர் யார் என்று தெரிய வேண்டும். வகுப்பு ஆசிரியரால் மாற்ற முடியாத ஒன்றை அவரிடம் கேட்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

1. வகுப்புத் தேர்வு, வளரறி மதிப்பீடு: ஆசிரியரும் தலைமையாசிரியரும் பொறுப்பு. பேசினாலே பெரும்பாலும் தீரும்.
2. காலாண்டு, அரையாண்டு, தொகுத்தறி மதிப்பீடு: அட்டவணையும் வினாத்தாளும் மாவட்ட அல்லது மாநில அளவில் வரும். மழை விடுமுறையால் தேதி மாற வேண்டுமானால் முதன்மைக் கல்வி அலுவலர் வரை போக வேண்டும்.
3. மாநில அடைவு ஆய்வு: 2025 பிப்ரவரியில் 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. முடிவெடுப்பது சென்னை.
4. தேசிய அடைவு ஆய்வு: 2017-லும் 2021-லும் நடந்தது. 2024 டிசம்பர் 4 அன்று 'பரக்' என்ற புதுப் பெயரில் 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. ஒன்றிய அரசுடையது. தேர்ந்தெடுத்த பள்ளிகளில் தேர்ந்தெடுத்த மாணவர்கள் மட்டும் எழுதுவார்கள். பிள்ளைவாரியாக மார்க் வராது.
5. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு: அரசுத் தேர்வுகள் இயக்ககம்.

முதல் இரண்டும் ஐந்தாவதும் பிள்ளையைச் சோதிப்பவை. மூன்றும் நான்கும் அமைப்பைச் சோதிப்பவை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் எளிதாகும்.

நோக்கத்தை ஏன் முதலில் கேட்க வேண்டும்?

நோக்கம் தெளிவில்லாத தேர்வு நிற்காது என்பதற்குத் தமிழ்நாட்டின் அண்மை வரலாறே சாட்சி. கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தம், 5, 8 ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து, தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்த மாநிலங்களுக்கு வழிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு இந்த இரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், மூன்று ஆண்டுகளுக்கு யாரையும் நிறுத்தப்போவதில்லை என்று அரசு சொன்னது. நிறுத்துவதற்கு இல்லையென்றால், பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு எதற்கு? பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் குழந்தை உரிமைச் செயற்பாட்டாளர்களும் கேட்டது சாரத்தில் இதுதான். ஏற்கும்படியான பதில் வரவில்லை. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கையில், 2020 பிப்ரவரி 4 அன்று அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பிளஸ் ஒன் பொதுத்தேர்வின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகளைக் கட்டுப்படுத்த 2017-18-ல் அதைக் கொண்டுவந்தார்கள். தவறு பள்ளிகளுடையது, தேர்வு எழுதியது மாணவர்கள். அடுத்த ஆண்டே, கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த மார்க் வேண்டியதில்லை என்று முடிவானது. 2025 ஆகஸ்ட் 8 அன்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதைத் தொடர்ந்து, 2025-26 முதல் அந்தத் தேர்வே நீங்கியது.

அமைப்பைச் சோதிக்கும் ஆய்வுகளிலும் சூழலைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம். 2021 நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு நடந்தது. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் 1 முதல் 8 வகுப்புகள் திறந்ததே நவம்பர் 1-ல். இடையில் தீபாவளி, மழை விடுமுறை வேறு. அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, முதல் வகுப்பின் கடைசியிலிருந்து அந்த நவம்பர் வரை வகுப்பறையையே பார்த்திருக்காது. 2024-லும் பாருங்கள்: நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. தீவு முழுக்க வீடுகளில் தண்ணீர் புகுந்தது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து 'பரக்' ஆய்வு. இந்த ஆய்வுகளின் எண்கள் பொய் என்று நான் வாதாடவில்லை. எந்தச் சூழலில் எடுத்த எண் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தச் சூழலை அறிந்தவர்கள் இங்கே இருக்கும் பெற்றோர்தான். பெற்றோர் கேள்வி கேட்க இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றிய அரசு 2018-ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை இரண்டே: ராமநாதபுரம், விருதுநகர். அந்தத் திட்டத்தில் மாவட்டத்தை அளக்கும் குறியீடுகளில் பிள்ளைகளின் மொழி, கணக்குத் திறனும் உண்டு. நம் பிள்ளைகளின் விடைகள் மாவட்டத்தின் பெயரில் கணக்கில் ஏறுகின்றன என்றால், அந்தக் கணக்கை வைத்து இங்கே என்ன செய்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

படி 1: பிள்ளையின் நிலையை ஜூனிலேயே கேளுங்கள்

கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 24(1)(இ)-யின்படி ஆசிரியர் பெற்றோரைக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். இது அவர் செய்யும் சலுகை இல்லை. சட்டம் அவருக்குத் தந்த கடமை. மார்க் என்ன என்று கேட்பதைவிட நிலை என்ன என்று கேட்பது நல்லது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 ஆம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருகிறார்கள். "டீச்சர், என் மகள் தமிழில் அரும்பா, மொட்டா, மலரா? கணக்கில் எது? அடுத்த நிலைக்கு எப்போது வருவாள்?" என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை இன்னும் அரும்பில் இருந்தால், முதல் வகுப்புப் பாடமே கைவரவில்லை என்று பொருள். காலாண்டு மார்க் 60 என்று வந்தாலும் இந்தச் செய்திதான் முக்கியம்.

வீட்டிலும் சரிபார்க்கலாம். போன ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தில் பிள்ளை மனப்பாடம் செய்யாத ஒரு பத்தியை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கடையில் 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேளுங்கள். வாசிப்பு எந்த எழுத்தில் தடுக்கியது, கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் என்ன செய்தது என்று குறித்துக்கொண்டு போனால், ஆசிரியரிடம் பேச்சு பொதுவாக இல்லாமல் காரியத்துக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் இது முடியும்; பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பது காதுக்கே தெரியும்.

படி 2: எந்தத் தேர்வானாலும் நான்கு கேள்விகள்

1. இது பிள்ளையைச் சோதிக்கிறதா, பள்ளியையா?
2. முடிவு யாரிடம் போகும்? எங்களுக்குக் காட்டுவீர்களா?
3. முடிவை வைத்து என்ன செய்வீர்கள்? எப்போது?
4. என் பிள்ளை அன்று வர முடியாவிட்டால், அல்லது மாற்றுத்திறனுடைய பிள்ளையாக இருந்தால், என்ன ஏற்பாடு?

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், கூடுதல் மொழிகளிலிருந்து விலக்கு போன்றவற்றுக்கு இடம் தருகிறது. பொதுத்தேர்வுக்கு இந்தச் சலுகைகள் வேண்டுமானால் மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடினால் கிடைக்காது.

படி 3: தனியாகப் போகாமல் குழுவாகப் போங்கள்

பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படி அமைந்தது (கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21). குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; பாதிப் பேர் பெண்கள். தலைவர் ஒரு பெற்றோர், தலைமையாசிரியர் கூட்டுநர். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அங்கே கோரிக்கையை நிர்வாகத்திடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் சேர்த்தே வையுங்கள்.

கூட்ட நாள்தான் நம் ஊரில் சிக்கல். மாதக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில் நடக்கும். விசைப்படகுகள் வழக்கமாகக் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. ஆகவே விசைப்படகுத் தொழிலாளிகளுக்கு வெள்ளி வசதிதான். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அது தொழில் நாள். மல்லிகை நாற்றங்கால் வேலைக்கும் பாசி எடுக்கவும் போகும் தாய்மாருக்கு மாலை ஆனால்தான் ஓயும். வர முடியாதவர்கள் தங்கள் கேள்வியை ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பலாம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே "தேர்வு முடிவுகள்" என்ற பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் எழுப்பினால் கட்டடம், கழிப்பறை, தண்ணீர் என்று பேச்சு முடிந்துவிடும்.

படி 4: தீர்மானமாக எழுதுங்கள்

வாயால் சொன்னதற்கு ஆயுள் இல்லை. தலைமையாசிரியர் மாறிப் போனால் பேச்சும் அவரோடு போய்விடும். தீர்மானப் புத்தகம் பள்ளியிலேயே இருக்கும். மாதிரி இதோ:

"நமது பள்ளியில் நடந்த மாநில அடைவு ஆய்வின் பள்ளி அளவிலான விவரம் வந்திருப்பின், தலைமையாசிரியர் அதை அடுத்த கூட்டத்தில் வாசித்து விளக்க வேண்டும். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் திறனில் மாணவர்கள் பின்தங்கியுள்ளனர் என்பதையும், அதற்கான கூடுதல் பயிற்சியை யார், எந்த நாட்களில் நடத்துவார் என்பதையும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும். எந்த மாணவரின் பெயரையும் இதில் குறிப்பிடக் கூடாது. இவ்வாறு ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது."

இதில் மூன்று பகுதிகள் உள்ளதைக் கவனியுங்கள்: தகவல் கேட்பது, அதற்கு ஒரு வேலையும் நாளும் குறிப்பது, பிள்ளையைப் பாதுகாப்பது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் தீர்மானம் வெறும் குறையாகவோ வெறும் பாராட்டாகவோ நின்றுவிடும்.

குறிப்பு: தீர்மானம், குழுக் கூட்டங்களைப் பதியும் கல்வித் துறைச் செயலியில் பதிவானதா என்று கூட்டம் முடிந்ததும் கேளுங்கள். தீர்மானப் பக்கத்தின் நகல் ஒன்றைக் குழுத் தலைவர் வைத்திருக்கட்டும்.

படி 5: பதில் வராவிட்டால் மேலே ஏறும் வரிசை

1. மண்டபம் வட்டாரக் கல்வி அலுவலர் (எட்டாம் வகுப்பு வரையான அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு).
2. மாவட்டக் கல்வி அலுவலர். பிறகு ராமநாதபுரத்தில் முதன்மைக் கல்வி அலுவலர்.
3. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் என்பதால், யார் போவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஊரிலிருந்து பத்துப் பேர் போக வேண்டியதில்லை. தீர்மான நகலோடு இரண்டு பேர் போதும்.
4. கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 32-இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வப் புகார். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும்.
5. கல்வித் துறை உதவி எண் 14417. முதல்வரின் முகவரி 1100.

ஒவ்வொரு இடத்திலும் மனு ரசீது வாங்குங்கள். அடுத்த படிக்குப் போகும்போது முந்தைய ரசீதின் நகலை இணைக்காவிட்டால், "கீழே கொடுத்தீர்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

படி 6: தகவல் பெறும் உரிமைச் சட்டம்

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விண்ணப்பத்தில் "ஏன்" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள். "மண்டபம் ஒன்றியத்தில் மாநில அடைவு ஆய்வு முடிவுகளைப் பற்றி நடந்த ஆய்வுக் கூட்டங்களின் குறிப்பேட்டு நகல்" என்று கேட்டால் நகல் தர வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அப்படி ஒரு குறிப்பேடே இல்லை என்பதும் ஒரு பதில்தான். உங்கள் பிள்ளை எழுதிய பொதுத்தேர்வு விடைத்தாளும் தகவல்தான் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது.

படி 7: கொள்கை எழுதும்போதே பேசுங்கள்

அறிவிப்பு வந்த பின் எதிர்ப்பதைவிட வரைவு நிலையில் பேசுவது எளிது. கஸ்தூரிரங்கன் குழுவின் தேசியக் கல்விக் கொள்கை வரைவு 2019 மே 31-ல் வெளியாகி, கருத்துச் சொல்ல ஜூலை கடைசி வரை அவகாசம் இருந்தது. 3, 5, 8 ஆம் வகுப்புத் தேர்வுகள் பற்றிய யோசனை அந்த வரைவிலேயே இருந்தது. அப்படி ஒரு வரைவு அடுத்து வரும்போது, கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு அனுப்பலாம். தங்கச்சிமடம் ஊராட்சி என்பதால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். கருத்து எழுதும்போது "தேர்வு வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், "எதைச் சோதிக்க, யார் பொறுப்பேற்க, எந்த மாதத்தில்" என்று எழுதினால் அதைத் தள்ளுவது கடினம்.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. அடைவு ஆய்வுக்குப் பிள்ளையைத் தனியாகத் தயார்ப்படுத்துவது, அல்லது சுமாராகப் படிக்கும் பிள்ளையை அன்று வீட்டில் நிறுத்துவது. இரண்டுமே பள்ளியின் எண்ணை அழகாக்கும். பள்ளிக்கு வர வேண்டிய உதவியைத் தடுக்கும். பள்ளியே அப்படிச் செய்யச் சொன்னால் அதைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள்.
2. ஆசிரியர் மீது பழி போடுவது. ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் பள்ளியில், முடிவு சொல்வது பணியிடம் காலியாக இருப்பதைத்தான். அதை மனுவில் எழுதுங்கள். ஆசிரியரும் உங்கள் பக்கம் நிற்பார்.
3. பொதுத்தேர்வு முடிவு வந்த பின்தான் விழித்துக்கொள்வது. பத்தாம் வகுப்பில் தெரியும் ஓட்டை மூன்றாம் வகுப்பில் விழுந்தது.
4. பயனுள்ள தேர்வைத் தவறவிடுவது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் தேர்வானால், 9 முதல் 12 ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இது பிள்ளைக்காகவே நடக்கும் தேர்வு. இதற்குத் தயார்ப்படுத்துவதில் தவறே இல்லை.

பாதுகாப்பு

பிள்ளையின் மார்க் பட்டியலை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். பிறர் போட்டாலும் நீக்கச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தகவல் உரிமையிலும் கேட்காதீர்கள். தேர்வு நடக்கும்போது வினாத்தாளைப் படம் பிடிப்பது, அறைக்குள் நுழைவது இரண்டும் வேண்டாம். உங்கள் நியாயமான கோரிக்கையே அதனால் கெட்டுவிடும். மார்க் குறைந்ததற்காகப் பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது (பிரிவு 17). நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தேர்வுக்கென்று பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். பொதுத்தேர்வு முடிவு வரும் வாரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். சாப்பாடு, தூக்கம் மாறினால் 104 அல்லது 14416-இல் மனநல ஆலோசனை கிடைக்கும். மனுவில் கையெழுத்திட்டதற்காகப் பிள்ளையை வகுப்பில் குத்திக்காட்டுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் மனு தனிப்பெயரில் போகாமல் குழுவின் தீர்மானமாகப் போக வேண்டும் என்கிறேன்.

மறுப்புகளுக்குப் பதில்

"படிக்காத நமக்குத் தேர்வைப் பற்றி என்ன தெரியும்?" என்பது முதல் மறுப்பு, பெரும்பாலும் பெற்றோர் வாயிலிருந்தே வருகிறது. வினாத்தாள் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லக் கல்வியியல் படிப்பு வேண்டும்தான். ஆனால் முடிவு யாரிடம் போனது, அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்க எந்தப் படிப்பும் வேண்டாம். டீசல் மானியத்துக்கும், இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்களை மீட்கவும் தீர்மானம் போட்டு, மனு எழுதி, ஆட்சியரைப் பார்த்துப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவருவதுதான் பாக்கி.

இரண்டாவது மறுப்பு கனமானது: "பெயிலாக்கினால்தான் பிள்ளை படிக்கும். எல்லோரையும் தேர்ச்சி போட்டதால்தான் ஒன்பதாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்." இதில் பாதி உண்மை. வாசிக்கத் தெரியாமலே மேல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை மறைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் அதே வகுப்பில் நிறுத்துவதால் வாசிப்பு வந்துவிடுமா? சென்ற ஆண்டு எந்த முறையில் பாடம் ஏறவில்லையோ, அதே முறையைத்தான் இன்னொரு ஆண்டு பார்க்கும். ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் விதியை மாற்றி, தன் பள்ளிகளில் 5, 8 ஆம் வகுப்பில் தேறாதவர்களுக்கு மறுதேர்வு வைத்து, அதிலும் தேறாவிட்டால் நிறுத்தலாம் என்றது. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை நிறுத்தாத முறையிலேயே நிற்கிறது. நம் கரைக்கு எது பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். பதின்மூன்று வயதுப் பையனைத் தம்பி தங்கை வயதுப் பிள்ளைகளோடு மறுபடி உட்காரவைத்தால், அவனுக்கு முன்னால் படகு வேலை என்ற வாசல் திறந்தே இருக்கிறது. பெண்பிள்ளை என்றால் வீட்டு வேலை. நிறுத்துவதன் விலையைக் கொடுப்பது பிள்ளை. கற்பிக்கத் தவறிய அமைப்பு எதையும் இழப்பதில்லை. தேர்ச்சி போடுவதும் போடாததும் இரண்டாம் பேச்சு. மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கலைக் கண்டு, அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கினார்களா என்பதுதான் கேள்வி. படி 1 அதற்காகத்தான்.

மூன்றாவது: "பிள்ளைக்கு மார்க் வராத ஆய்வு நமக்கு எதற்கு?" பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், அது கரை முழுவதற்கும் சொன்ன செய்தி, தனி ஒரு படகின் தரத்தை அது சொல்வதில்லை. அடைவு ஆய்வும் அத்தகையதே. மாவட்டத்தில் கணக்கு பலவீனம் என்று அது சொன்னால், மஞ்சூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி தந்தது, வட்டார வள மையத்திலிருந்து யார் எத்தனை முறை பள்ளிக்கு வந்தார்கள் என்று நாம் கேட்க முடியும். கேட்க ஆளில்லாத அறிக்கை அலமாரியில்தான் இருக்கும்.

ஓர் ஆண்டுக்கான வரிசை

1. ஜூன் முதல் இரு வாரம்: பெரும்பாலும் பள்ளி திறந்திருக்கும், ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுத் தகப்பன்மாரும் கரையில் இருப்பார்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து போய்ப் பிள்ளையின் நிலையைக் கேளுங்கள்.
2. ஜூலை, ஆகஸ்ட்: குழுக் கூட்டத்தில் தேர்வுப் பொருளைச் சேர்ப்பது, மாற்றுத்திறன் சலுகைக்கு விண்ணப்பம், ஆகஸ்ட் 15 கிராம சபை.
3. அக்டோபர் முதல் டிசம்பர்: மழைக்காலம். விடுமுறையால் நடத்தாமல் விட்ட பாடம் எவ்வளவு என்று மாதம்தோறும் குறித்துவையுங்கள். ஆய்வோ தேர்வோ வந்தால் அந்தக் குறிப்போடு பேசுங்கள். உதவித்தொகைத் தேர்வு அறிவிப்பையும் விசாரியுங்கள்.
4. ஜனவரி, பிப்ரவரி: ஜூனில் சொன்ன நிலையிலிருந்து பிள்ளை நகர்ந்ததா என்று மறுபடி கேட்பது.
5. ஏப்ரல்: அடுத்த ஆண்டுப் பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் கூடுதல் பயிற்சி எழுதப்பட்டதா என்று பார்த்துக் கையெழுத்திடுவது.

இத்தனையும் ஒரே ஆண்டில் முடியாவிட்டால், அடுத்த குழுக் கூட்டத்தில் இதை மட்டும் செய்யுங்கள். இந்த ஆண்டு நம் பள்ளியில் நடக்கவிருக்கும் எல்லாத் தேர்வுகளையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தேர்வின் பெயர், வகுப்பு, மாதம், யாருக்காக, முடிவு யாரிடம் போகும், பெற்றோருக்கு எப்போது தெரியும் என்று ஆறு கட்டங்கள். நிரம்பாமல் இருக்கும் கட்டம் எதுவோ, அதுதான் உங்கள் முதல் தீர்மானம்.